தோட்ட உடைமையும் தொழிலாளர் தலைமையும்

மலையக மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோருட் பலர், அதனைச் சௌமியமூர்த்தி தொண்டமான் என்னும் தனிமனிதரின் வாழ்க்கை வரலாறாகச் சுருக்கிவிடுகின்றனர். போற்றுவோர், அவரன்றி எதுவும் நிகழ்ந்திராது என்பர். தூற்றுவோரோ, தோட்ட முதலாளி ஒருவர் தொழிலாளரின் தலைவராய் அமர்ந்தமையே பெரும் மோசடி என்பர். இரு சாராரும் தலைவரைக் காண்கின்றனரேயன்றி மக்களைக் காணவில்லை.

தூற்றுவோரின் கூற்றை முதலில் நோக்குவோம். 1913இல் தமிழகத்தின் முனப்புதூரிற் பிறந்த தொண்டமான், இளமையிலேயே இலங்கை வந்து கம்பளையிற் கல்வி கற்றார். கூலியாகக் கடல் கடந்து வந்த தந்தை கருப்பையா, படிப்படியாக உயர்ந்து இறம்பொடை வேவண்டன் தோட்டத்தின் உடைமையாளரானவர். தோட்டத்தை நிருவகித்த மகன், 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரசின் கம்பளைக் கிளை வழியே அரசியலுக்கு வந்து, 1947இல் நுவரெலியாத் தொகுதியில் வெற்றி பெற்றார். அவ்வாண்டு காங்கிரஸ் வென்ற ஆசனங்கள் 7. அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. அந்த அடி வர்க்கம் பார்த்து விழுந்ததன்று. இனம் பார்த்து விழுந்தது. முதலாளியையும் தொழிலாளியையும் ஒரே அணியில் நிறுத்தியது அவ்வநீதியே. இதனை மோசடி என ஒதுக்குவது வரலாறு அறியாதார் கூற்றாகும்.

இனிப் போற்றுவோர்பால் வருவோம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, அம்மக்களை எவரும் கேட்கவில்லை. 1978இல் தொண்டமான் அமைச்சரானார். ஆயினும் நாடற்றோர் பிரச்சினை அதனால் மட்டும் தீர்ந்துவிட்டதா? 1986 சனவரியில், பிரார்த்தனை என்ற பெயரில் வேலைக்குச் செல்லாது நின்ற மக்களே அரசை அசைத்தனர். அழைத்தவர் அவர் என்பது உண்மை. கொழுந்து கிள்ளாது நின்றவை யாருடைய கைகள்? 1988ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தையும் தலைவர்களின் கொடையெனப் பேசுவோர் இவ்வினாவுக்கு விடை கூறுவாரா?

அவர்தம் வாழ்வு உணர்த்தும் மெய்ம்மை வேறொன்றுண்டு. கருப்பையாவின் மகனை ஏனைய கூலிகளின் மக்களினின்றும் வேறுபடுத்தியது காணி. காணி இருந்தமையால் துரைமாரின் முன் அவர் நிமிர்ந்து நின்றார். அவர் தலைமை வகித்த இயக்கமோ கூலிப் பேரத்திற் பெற்ற வெற்றியைக் காணியுரிமையிற் பெறவில்லை. 1999இல் அவர் மறைந்தார். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தொடங்கிய லூல்கந்துரை கண்டிக்கு அண்மையிலேதான் உள்ளது. நமது பல்கலைக்கழகத்துக்கு மேலே ஹந்தானையிலும் லயங்கள் உள்ளன. தலைமுறைகள் கடந்தும், மலையகத் தோட்டங்களில் வாழ்வோருட் பெரும்பாலோருக்குத் தாம் குடியிருக்கும் நிலம் சொந்தமில்லை.

எனவே தலைவரின் புகழையும் இகழையும் அளந்துகொண்டிருப்பது ஆராய்ச்சியாகாது. குடியுரிமை பெற்ற மக்களுக்குக் குடியிருக்கும் மண் ஏன் உரித்தாகவில்லை? மலையக வரலாறு எழுதுவோர் முதலில் விடைகாண வேண்டிய வினா இதுவே.