மறந்து கட்டும் சந்தா

ராயப்பேட்டையின் தெருக்களில் பொழுது புலருமுன்னே பால் பாக்கெட்டுகள் வந்து இறங்கிவிடுகின்றன. ஆவின் அட்டை வைத்திருப்பவர் அந்நேரத்தில் சில்லறை தேடி அலைவதில்லை. மாதப் பணத்தை முன்னதாகவே கட்டிவிட்டமையால், பாலைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார். சென்னைக் குடும்பங்கள் நெடுங்காலமாக அறிந்த இந்த ஏற்பாடுதான், இன்று கைப்பேசியில் திரைப்படமும் பாட்டும் தரும் பெரு நிறுவனங்களின் வாணிப முறையுமாகும். சந்தா என்பது அதன் பெயர்.

முன்பணம் தருபவருக்கு விலை குறைகிறது. 2022 நவம்பர் 5ஆம் நாள் ஆரஞ்சு நிற பாக்கெட் பாலின் விலையை லிட்டருக்கு 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயாக ஆவின் உயர்த்தியபோது, அட்டைதாரர்களுக்கு மட்டும் 46 ரூபாயே நீடித்தது. நாளொன்றுக்கு அரை லிட்டர் வாங்கும் வீட்டிற்கு முப்பது நாளில் 210 ரூபாய் மிச்சம். விற்பவருக்கோ, நாளை எவ்வளவு பால் போகும் என்பது இன்றே தெரிந்துவிடுகிறது. மிஞ்சிக் கெடுவதும் குறைகிறது. இருவருக்கும் நன்மை தருவதே நல்ல சந்தா அன்றோ?

நம் முன்னோருக்கும் இது புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வெளிவருமுன்னரே அதனை வாங்க இசைந்தோரிடம் கையொப்பம் பெற்றார். அச்சாகாத நூலுக்குக் கையொப்பமிடுவதற்கு எத்துணை நம்பிக்கை வேண்டும்!

அந்த நம்பிக்கையே சந்தாவின் முதல். ஜனவரியில் ஆண்டுச் சந்தா பெறும் இதழ், டிசம்பர் இதழையும் அனுப்பி முடிக்கும் வரை வாசகருக்குக் கடன்பட்டதே. முன்பணத்தைக் கணக்கர்கள் வருமானப் பக்கத்தில் எழுதாமல், பொறுப்புப் பக்கத்தில் எழுதுவது இதனால்தான். ஆயுள் சந்தாவை ஒருமுறை வாங்கிச் செலவழித்துவிட்டுப் பின்னர் காகித விலை ஏறும்போது திகைக்கும் இதழ்கள், இவ்வுண்மையைக் காலம் தாழ்ந்தே உணர்கின்றன.

இனி, ‘முதல் மாதம் இலவசம்’ என்பதன் கணக்கைப் பார்ப்போம். மாதம் 149 ரூபாய் சந்தா கட்டும் நூறு பேரில் மாதந்தோறும் ஐவர் விலகுவதாகக் கொள்வோம். அவ்வாறாயின் ஒருவர் சராசரியாக இருபது மாதம் தங்குவார். 2,980 ரூபாய் தருவார். அதனைப் பெற முதல் மாதத்தை இலவசமாகக் கொடுப்பது நிறுவனத்திற்குப் பெரிய இழப்பன்று. விலகுவோர் ஐவர் என்பது இருவராகக் குறைந்தால், தங்கும் காலம் ஐம்பது மாதமாகிறது. எனவே புதியவரைச் சேர்ப்பதைவிட, சேர்ந்தவரை விடாமல் வைத்திருப்பதே இவ்வாணிபத்தின் உயிர்நாடி. நல்ல பொருள் தந்து அவரை வைத்திருக்கலாம்; அவருடைய மறதியை நம்பியும் வைத்திருக்கலாம். இரண்டாவது வழியில்தான் தீங்கு நுழைகிறது.

ராயப்பேட்டையில் கணவரின் குடும்ப ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டி ஒருவர், தம் வங்கிப் புத்தகத்தை நம்மிடம் நீட்டினார். பதினான்கு மாதங்களாக மாதந்தோறும் 149 ரூபாய் கழிந்திருந்தது. மொத்தம் 2,086 ரூபாய். விடுமுறைக்கு வந்த பேரன் படம் பார்ப்பதற்காகப் பாட்டியின் அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான். பணம் கழியுமுன் குறுஞ்செய்தி ஒவ்வொரு மாதமும் வந்தேயிருந்தது. ஆங்கிலத்தில் வந்த அதனைப் படித்துச் சொல்லத்தான் வீட்டில் ஒருவருமில்லை. “மாத்திரை வாங்க வைத்த பணம், ஐயா” என்றார் அவர்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. தானாகக் கழியும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு அனுப்பி, வேண்டாமென்று நிறுத்தவும் வழி தரவேண்டும் என்னும் ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நுகர்வோரை ஏய்க்கும் பதின்மூன்று தந்திரங்களை 2023 நவம்பர் 30 அன்று வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் தடுத்தன. சேருவதை எளிதாக்கி, விலகும் வழியை மறைக்கும் சந்தாப் பொறியும் அவற்றுள் ஒன்று. முறையிட விரும்புவோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

ஆயினும் அறிவிப்பைப் படிப்பது யார்? அது பிள்ளைகளின் கடமை, பேரப்பிள்ளைகளின் கடமை. மாதத்தில் ஒருநாள், இரவு உணவுக்குப்பின் குடும்பமாக அமர்ந்து, கட்டிவரும் சந்தாக்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். சென்ற மாதம் பயன்பட்டதா என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். பயன்படாததை அன்றே நிறுத்துங்கள். பெற்றோர் தனித்து வாழ்ந்தால் அவர்களுடைய குறுஞ்செய்திகளையும் படித்துச் சொல்லுங்கள்.

உங்கள் கையிலிருக்கும் இவ்விதழின் சந்தாவும் அத்தாளில் இடம்பெறட்டும். பிரிக்கப்படாமலே மூலையில் கிடக்கும் இதழுக்குப் பணம் பெறுவது நமக்கும் அழகன்று. வேண்டுமென்று எண்ணிப் புதுப்பியுங்கள். மறந்து புதுப்பிக்க வேண்டாம்.