தாயைப் பார்த்துக் குட்டியை எடுங்கள்!

இரண்டு வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி, 'பரீட்சை முடிந்ததும் நாய்க்குட்டி வாங்கித் தருவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்து விட்டேன். நல்ல குட்டி எங்கே கிடைக்கும்?' என்று கேட்டிருந்தார். போன வாரம் வந்த பதில்களையும் படித்தேன். ஒருவர் கடை சொல்கிறார். ஒருவர் ஜாதி சொல்கிறார். இன்னொருவர், 'பேரம் பேசினால் பாதி விலைக்கே தருவார்கள்' என்கிறார். 'குட்டியின் தாயைப் பார்த்தீர்களா?' என்று ஒருவர் கூடக் கேட்கவில்லையே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். பெண் எடுக்கும்போது மட்டும் தாயைப் பார்த்துப் பெண்ணைக் கொள் என்று பழமொழி சொல்லத் தெரிகிறது நமக்கு!

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

2019ம் வருஷம் என் சின்ன மகன் ஒன்பதாம் வகுப்பு. 'அம்மா, ப்ளீஸ்மா, ஒரே ஒரு நாய்மா' என்று ஆறு மாதமாக நச்சரிப்பு. நான் பிடி கொடுக்கவே இல்லை. காலையில் ஐந்து மணிக்கு வாசல் தெளிப்பதில் ஆரம்பித்து, ராத்திரி பால் உறை ஊற்றுகிற வரை நிற்க நேரமில்லாத எனக்கு அதுவும் ஒரு வேலையா என்ற நினைப்புதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியூர் போயிருந்த என் கணவர் கையில் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே வெண்ணெய் நிறத்தில் ஒரு லாப்ரடார் குட்டி. எட்டாயிரம் ரூபாய். 'நாற்பத்தஞ்சு நாள் ஆச்சுன்னு சொன்னான்' என்றார் பெருமையாக. யாரிடம் வாங்கினார்? ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, கூண்டில் ஏழெட்டுக் குட்டிகளை வைத்து விற்றுக் கொண்டிருந்த ஒருவனிடம். தாய் எங்கே, எந்த வீட்டில் பிறந்தது, ஊசி போட்டார்களா, ஒன்றும் தெரியாது. ஒரு புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிற நாம், உயிரை வாங்கும்போது பெட்டியைத் தூக்கிக் கொண்டு வந்து விடுகிறோம்.

மறுநாள் அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். 'இது முப்பது நாள்கூட ஆகாத குட்டிம்மா. இன்னும் தாய்கிட்ட இருக்க வேண்டியது' என்றார். நாலாம் நாள் வாந்தி. ஐந்தாம் நாள் ரத்தமாகப் போக ஆரம்பித்தது. அந்த நாற்றம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. பார்வோ வைரஸ் என்றார் டாக்டர். 'வரும்போதே கொண்டு வந்திருக்கும்' என்றார். மூன்று நாள் குளுகோஸ் ஏற்றினோம். நாலாம் நாள் விடிகாலை, என் பழைய நூல் புடவையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். என் விரலை ஒருமுறை நக்கியது. அவ்வளவுதான்.

மகன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அது ஒரு வேதனை என்றால், அடுத்தது வேறு மாதிரி. விற்றவனுக்குப் போன் போட்டார் என் கணவர். அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'குட்டி நல்லாத்தான் சார் இருந்துச்சு. உங்க வீட்டம்மா சரியா கவனிச்சிருக்க மாட்டாங்க.' என் கணவர் அதை அப்படியே என்னிடம் சொன்னதோடு, 'பசும்பால் கொடுத்தியா?' என்று வேறு கேட்டார். வாங்கும்போது என்னைக் கேட்கவில்லை. செத்ததற்கு மட்டும் நான் பதில் சொல்ல வேண்டுமாம்!

அந்தக் கோபத்தில்தான் டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்து கொண்டேன். தாய்ப்பாலில்தான் குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கிடைக்கிறது. கூடப்பிறந்ததுகளோடு உருண்டு புரண்டு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதே அதற்குத் தெரிகிறது. சீக்கிரம் பிரித்த குட்டி பிறகு வீட்டுப் பிள்ளைகளின் கையைக் கடித்துக் குதறினால் குற்றம் குட்டியுடையதா? எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017ம் வருஷ விதியே இருக்கிறது. நாய் வளர்த்து விற்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. 'அதெல்லாம் எதுக்குக்கா?' என்று இழுத்தால் அந்த வாசலை விட்டு இறங்கி விடுங்கள்.

இன்னொன்று. பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம். அதனால் ஒரு குட்டி அந்த நோயில் இறந்த வீட்டுக்கு, ஊசி போடாத அடுத்த குட்டியை உடனே கொண்டு வரக் கூடாது. 'பிள்ளை அழுகிறான்' என்று அடுத்த வாரமே இன்னொன்று வாங்கி அதையும் பறி கொடுத்த குடும்பம் எங்கள் தெருவிலேயே உண்டு. நான் பிளீச்சிங் பவுடர் கரைத்து வீட்டையும் பின்கட்டையும் எத்தனை தடவை கழுவினேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஒரு வருஷம் ஓடியது. 2020 ஆகஸ்ட் கடைசியில் பிரதமர் வானொலியில் பேசும்போது நம் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார். ராஜபாளையம், கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை என்று நம்ம பக்கத்துப் பெயர்களாகச் சொல்ல, அப்பாவும் மகனும் துள்ளிக் குதித்தார்கள். 'பஸ் ஏறினா ராஜபாளையம்... ஸ்டாம்பே போட்டிருக்கான் தெரியுமா?' என்றார் கணவர். உண்மைதான், 2005ல் தபால் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. 'இந்தத் தடவை நானும் வருவேன்' என்று சொல்லி விட்டேன்.

போனோம். தலைமுறையாக நாய் வளர்க்கும் ஒரு பெரியவர் வீடு. தாய் நாய் முற்றத்தில் படுத்திருந்தது. பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. குட்டிகளைக் காட்டும் முன்பே அவர் எங்களைக் கேள்வி கேட்டார். எத்தனை பேர், வீடு எவ்வளவு, பகலில் யார் இருப்பது? எங்களுடையது ஒட்டுச் சுவர் வீடு, பின்கட்டு பத்தடி. 'அப்ப வேண்டாம் தாயி. இது வேட்டைக்குப் போன ஜாதி. ஓட இடம் வேணும். கட்டிப் போட்டா நாயும் கெட்டுப் போகும், உங்க நிம்மதியும் போகும்' என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பினார். விற்க மறுத்த அந்த மனிதர் மேல் எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. தோட்டம் துரவு உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். அவர் சொன்ன ஒரு விஷயம்: வெள்ளை ராஜபாளையத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பின்னால் நின்று கை தட்டிப் பார்த்து, திரும்புகிறதா என்று கவனித்துத்தான் எடுக்க வேண்டும்.

கன்னி நாயை அந்தக் காலத்தில் காசுக்கு விற்க மாட்டார்களாம், உறவுக்குள்ளேயே கொடுப்பார்களாம், கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கூடக் கொடுப்பார்கள் என்றும் சொல்வார்கள். கொடுத்தவர்கள் நாளைக்கு வந்து 'எப்படி இருக்கு?' என்று கேட்பார்கள் என்ற பயம் வாங்கியவருக்கு இருந்திருக்கும் இல்லையா? இப்போது பணத்தை எண்ணிக் கொடுத்தோம், முடிந்தது.

வெளிநாட்டு ஜாதி ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பனியில் வண்டி இழுக்கும் ஹஸ்கி நாயை நம் கத்திரி வெயிலில் வளர்ப்பது, மே மாதத்தில் நமக்குக் கம்பளிச் சட்டை மாட்டி விட்ட மாதிரி. மூக்கு சப்பையான பக் நாய் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், வெயிலில் மூச்சுக்குத் திணறும். அப்படியும் வேண்டும் என்றால், மாற்றலாகிப் போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள் விட்டுப் போன வளர்ந்த நாய்கள் எத்தனையோ இருக்கின்றன. சென்னையில் 1959ல் ஆரம்பித்த புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் போய்ப் பாருங்கள். மற்ற ஊர்களிலும் சின்ன அளவில் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், கால்நடை டாக்டரைக் கேட்டால் சொல்வார். வளர்ந்த நாய் ஒட்டாது என்பது வெறும் பேச்சு. அதன் குணம் முன்கூட்டியே தெரிந்து விடும். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் குட்டியை விட அதுதான் சரி என்பது என் கட்சி. குட்டி வளர்ப்பது கைக்குழந்தை வளர்ப்பது மாதிரி, ராத்திரி மூன்று முறை எழுந்திருக்க வேண்டும்!

எங்கள் வீட்டுக்குக் கடைசியில் வந்தது எது தெரியுமா? ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு தெரு நாய் ஆறு குட்டி போட்டிருந்தது. இரண்டு ஆண் குட்டிகளும் பத்து நாளிலேயே காணாமல் போய் விட்டன. மிச்சம் நாலும் பெண். வருகிறவர்கள் எல்லாரும் தூக்கி, வாலைத் தூக்கிப் பார்த்து, 'ஐய, பொட்டைக் குட்டி' என்று கீழே விட்டுப் போனார்கள். சகோதரிகளே, எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் பெரிய நாத்தனாருக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் இதே 'ஐய'வைக் கேட்டவள் நான்.

'எனக்கு இதுதான் வேணும்' என்றேன். என் மாமியார், 'தெரு நாயையா? அதுவும் பொட்டையையா?' என்று முகம் சுளித்தார். நான் பதில் பேசவில்லை. தாய்க்குத் தினம் சோறு வைத்தேன். ஏழாவது வாரம் குட்டிக்கு அங்கேயே முதல் ஊசி போட வைத்து, ஒன்பதாவது வாரம்தான் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. ஏழாம் மாதம் கருத்தடை ஆபரேஷன். பத்து நாள் நக்காமல் பார்த்துக் கொண்டதுதான் சிரமம். பெண் நாய் வேண்டாம் என்பதற்குச் சொல்லும் காரணங்களில் பாதி அந்த ஒரு ஆபரேஷனோடு தீர்ந்து போகிறது. கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் இல்லை. அடுத்த வருஷம் அந்தத் தாயையும் மற்ற மூன்று குட்டிகளையும் பிடித்துக் கருத்தடை செய்ய வைத்தோம். அதற்கு மட்டும் என் கணவர் அலைந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

'தெரு நாய் கடித்துக் குழந்தைகள் சாகிறார்கள், நீங்கள் கொஞ்சச் சொல்கிறீர்களா?' என்று சிலர் கோபப்படலாம். அந்தப் பயம் நியாயமானது. எங்கள் எதிர்வீட்டுப் பையனையே நாய் கடித்திருக்கிறது. உடனே குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மஞ்சள், சுண்ணாம்பு என்று எதையும் அப்பக் கூடாது. ஆனால் தெருவில் ஒரு குட்டி குறைந்து, ஊசி போட்டு, ஆபரேஷன் செய்து வீட்டுக்குள் வந்தால் அது தெருவுக்கும் நல்லதுதானே? 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் கூட, விருப்பமுள்ளவர்கள் மாநகராட்சியில் விண்ணப்பித்துத் தெரு நாயைத் தத்து எடுக்கலாம், ஆனால் மறுபடி தெருவில் விடக் கூடாது என்று சொன்னது. அந்த 'ஆனால்' முக்கியம். ஆசை தீர்ந்ததும் இரவில் வண்டியில் ஏற்றி நாலு ஊர் தள்ளி இறக்கி விட்டு வருகிறார்களே, அவர்கள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்க எனக்கு மனசு வராது.

அந்தச் சகோதரிக்கு மட்டும் ஒன்று. மகளுக்கு வாக்குக் கொடுத்தது நீங்கள். நாளைக்கு அவள் டியூஷன், பரீட்சை என்று போய் விடுவாள். மூத்திரம் துடைப்பது நீங்களாகத்தான் இருக்கும். எனவே முடிவும் உங்களுடையதாக இருக்கட்டும். நான் குட்டியைத் தூக்குவதற்கு முன்பே வேலையைப் பிரித்து எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, அப்பாவும் மகனும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ரேஷன் கடைப் பக்கமே போனேன். சாயங்காலம் நடத்திக் கொண்டு போவது அவர். குளிப்பாட்டுவது மகன். அவன் இப்போது வெளியூரில் வேலைக்குப் போய் விட்டதால் அந்த வேலையும் அவர் தலையில். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டு விடுங்கள். ஊருக்கு ஊர் லைசென்ஸ் விதி உண்டு, நகராட்சியில் விசாரித்துக் கொள்ளுங்கள்.

என் மாமியாரா? மதியம் தன் தட்டிலிருந்து தயிர்சாதம் உருட்டிப் போடாமல் ஒரு நாளும் அவர் எழுந்ததில்லை. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு ஆகாது என்று படித்துப் படித்துச் சொல்லியும், தாளித்த சின்ன வெங்காயத்தைப் பொறுக்கி எடுக்க அவருக்குக் கண் தெரியவில்லை. அதனால் இப்போது எங்கள் வீட்டுத் தயிர்சாதத்தில் வெங்காயமே கிடையாது.

எங்கள் தெருக்கோடி இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் இப்போது வேறொரு நாய் நாலு குட்டி போட்டிருக்கிறது. மூன்று பெண், ஒன்று ஆண். கண் திறந்து விட்டன. எட்டு வாரம் ஆக இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அந்தச் சகோதரியின் மகளுக்குப் பரீட்சை முடிகிற நேரம் சரியாக இருக்கும். வந்து தாயைப் பார்க்கட்டும். பழைய பிஸ்கட் கொண்டு வர வேண்டாம், தாய்க்கு ஒரு முட்டை அவித்துக் கொண்டு வந்தால் போதும்.

- ஒரு வாசகி, விருதுநகர்.