வெல்வெட்டு நாற்காலியும் வியாபார ரகசியமும்

நாற்காலி மெத்தையிலும், நகைப்பெட்டியின் உட்புறத்திலும் வெல்வெட்டைப் போல் வழவழவென்றிருக்கும் துணியைத் தோழர்கள் தடவிப் பார்த்திருப்பார்கள். அந்த வழவழப்பு பல சமயம் நெய்து வருவதல்ல. நைலான் இழைகளைக் கற்றையாகச் சேர்த்துச் சாயமேற்றி, டானிக் அமிலமும் உருளைக்கிழங்கு மாவும் சேர்ந்த தொட்டியில் தோய்த்து, உலர்த்தி, சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவாக நறுக்கிப் பசை தடவிய துணியின்மேல் தூவுகின்றார்கள். மின்சார சக்தியால் அத்துணுக்குகள் முள்ளைப்போல் நிமிர்ந்து நிற்கின்றன. பசை காய்ந்தால் வெல்வெட்டுத் தயார். நல்ல யுக்திதான்; இதைக் கண்டுபிடித்தவர்களின் அறிவை நாம் குறை கூறவில்லை.

ஆனால், சுழலும் கத்தி நைலானை ஒழுங்காக அறுப்பதில்லை. நுனியில் பிசிறு இழுபட்டு, அது கண்ணுக்குத் தெரியாத துணுக்காய் உடைந்து காற்றில் கலக்கின்றது. போதாததற்கு யந்திரங்களைத் துடைக்கக் காற்றடிக்கும் குழாயை உபயோகித்துத் தூசியை மறுபடியும் கிளப்பிவிடுகின்றார்கள். தொழிலாளி அதைத்தான் சுவாசிக்கின்றான்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாகாணத்து ஆலையொன்றிலிருந்து 1994ம் வருஷத்தில் ஒரு வாலிபத் தொழிலாளி மூச்சுத் திணறலுடன் டேவிட் கெர்ன் என்னும் டாக்டரிடம் வந்தான். 1996ல் அதே ஆலையிலிருந்து இன்னொருவன் வந்தான். நம்மூர் ஜோசியரிடம் போயிருந்தால் இருவருக்கும் சனி பார்வை என்று சொல்லித் தட்சணை வாங்கியிருப்பார். கெர்னோ, இவ்வளவு அபூர்வமான சுவாசப்பை நோய் ஒரே பட்டறையில் இரண்டு பேருக்கு வருவானேன் என்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல் ஆலைக்குள் போய் ஆராய்ந்தார். எட்டுப் பேருக்கு அந்நோய் இருப்பது தெரிந்தது. அதே கம்பெனிக்குக் கானடாவிலிருந்த ஆலையிலும் முன்னமே சிலருக்கு இது கண்டிருந்தது.

இதை அவர் 1997ல் வைத்தியர் மகாநாட்டில் சொல்லப் புறப்பட்டபோது, "ரகசியத்தை வெளியிடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கின்றாய், வெளியிட்டால் வழக்கு" என்றது கம்பெனி. 1994ல் மாணவர்களுடன் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போனபோது போட்ட கையெழுத்து அது! அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியும், பிரவுன் சர்வகலாசாலையும் வாயை மூடு என்றன. அவர் மூடவில்லை. மகாநாடு முடிந்ததும் அவருடைய தொழில் நோய்ப் பிரிவை மூடிவிட்டார்கள்.

ஒப்பந்தம் ஒப்பந்தந்தானே என்று சில கனவான்கள் சொல்லக்கூடும். பசையில் என்ன கலந்தான் என்பது ரகசியமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நமக்கு அது வேண்டாம். தொழிலாளியின் நெஞ்சுக்குள் போன தூசி எப்படி முதலாளியின் ரகசியமாகும்? மந்திரத்தை வெளியே சொன்னால் தலை வெடிக்கும் என்று மிரட்டினவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது சர்வகலாசாலை நடத்தவில்லை.

அந்த வருஷமே அமெரிக்க சர்க்காரின் நோய்த் தடுப்பு இலாகாவின் வாரப் பத்திரிகையில் செய்தி வெளிவந்தது. பிறகு துருக்கியில் பாலிபுரொப்பிலின் இழையை இவ்விதம் தூவும் வேலைக்காரர்களிடமும் இத்தகைய கோளாறு காணப்பட்டது. காற்றடிக்கும் குழாயை எறிந்துவிட்டுத் தூசியை உறிஞ்சும் யந்திரம் வைக்க என்ன செலவு பிடிக்கும் என்று எந்த முதலாளியாவது கணக்கெழுதி அனுப்பினால், அதையும் பிரசுரிக்கக் காத்திருக்கின்றோம்.