பிரேக் போட்டால் வண்டி ஆடுகிறதா? பணத்தை எடுக்கு முன் அளந்து பாருங்கள்!

மேட்டுப்பாளையம் காய்கறி மண்டி. காலை 6 மணி.

ஊட்டியில் இருந்து காரட் மூட்டை ஏற்றிய பிக்-அப் வண்டி ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். அவர் கை நடுங்கிக்கொண்டு இருந்தது.

"என்ன அண்ணே, குளிரா?" என்று கேட்டேன்.

"குளிர் இல்லீங்க. பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் ஆடுது. மலை இறங்கி முடிக்கிறதுக்குள்ளே கை மரத்துப் போயிடுச்சு" என்றார்.

"ஒர்க்ஷாப்பில் காட்டவில்லையா?"

"காட்டினோமுங்க. இரண்டு மாசத்துக்கு முன்னே முன்பக்க டிஸ்க் இரண்டும் புதுசு மாத்தினாங்க. மூணு வாரம் நல்லா இருந்துச்சு. மறுபடியும் ஆட்டம்! 'இனிமேல் செலவு பண்ண முடியாது, ஓட்டு' என்கிறார் முதலாளி."

அவருக்கு வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு இந்த ஆட்டம் தெரியாது.

இந்த விஷயத்தில் தவறு செய்தவர்கள் இருவர். அளந்து பார்க்காமல் டிஸ்க் மாற்றியவர் ஒருவர். ஆடும் வண்டியை மலைக்கு அனுப்பியவர் மற்றொருவர். இது என் கருத்து. காரணத்தையும் சொல்கிறேன்.

எவ்வளவு சூடு?

பிரேக் என்பது என்ன? வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி. அவ்வளவுதான்!

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் மலை அடிவாரம். சரக்கோடு 3 டன் எடையுள்ள வண்டி அங்கிருந்து இறங்குகிறது. அந்த இறக்கத்தின் வேகம் முழுவதையும் பிரேக்கே தாங்கினால், 150 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு உண்டாகும்! ஒரு கல்யாண வீட்டு அண்டாவை நினைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டை நான்கு சக்கரங்கள் சுமக்கின்றன.

ஆகவேதான், மலை வண்டியில் சின்னக் குறையும் பெரிய குறையாகிறது.

டிஸ்க் வளைந்ததா?

"டிஸ்க் வளைந்துவிட்டது" என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது வளைவதில்லை. அதன் கனம் ஓர் இடத்தில் கூடியும், ஓர் இடத்தில் குறைந்தும் போகிறது. அல்லது, பேடின் மசாலா சூட்டில் உருகி ஓர் இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்கிறது. சக்கரம் சுற்றும்போது பேடு இந்த மேட்டையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பிடிக்கிறது. ஸ்டீயரிங் ஆடுகிறது.

எவ்வளவு வித்தியாசம் இருந்தால் ஆடும்? நோட்டுப் புத்தகத் தாளின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கும். டிஸ்க்கின் கனத்தில் அந்தத் தாளில் கால் பங்கு வித்தியாசம் வந்தாலே போதும், வண்டி ஆடும்! இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. மைக்ரோமீட்டரும் டயல் கேஜும்தான் சொல்லும்.

எந்தச் சக்கரம்?

ஒர்க்ஷாப்புக்குப் போகும் முன், நீங்களே சிலவற்றைக் கவனிக்கலாம்.

பிரேக் போடாதபோதும் ஆடுகிறதா? அப்படியானால் குறை வேறு இடத்தில் இருக்கிறது. டயர், வீல் பேலன்ஸ், பேரிங், ஸ்டீயரிங் மூட்டுகள் ஆகியவற்றைப் பாருங்கள்.

பிரேக் போடும்போது மட்டும் ஸ்டீயரிங் ஆடுகிறதா? முன் சக்கரத்தைச் சந்தேகியுங்கள்.

ஸ்டீயரிங் அமைதியாக இருக்க, இருக்கையும் பெடலும் அதிர்கின்றனவா? பின் சக்கர டிரம்மைச் சந்தேகியுங்கள். பின் டிரம்மில் வேலை செய்யும் ஹாண்ட் பிரேக் என்றால், இதற்கு ஒரு சோதனை உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத சமதரையில், சரக்கு இல்லாமல், மெதுவாகப் போய், அதன் பொத்தானை அமுக்கியபடியே லேசாக இழுங்கள். அதிர்வு வந்தால் குறை பின்னால்தான். மழைநாளில் இந்தச் சோதனை கூடாது!

ஏ.பி.எஸ். உள்ள வண்டியில், ஈரத் தரையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பெடல் தடதடக்கும். அது குறை ஆகாது. பயப்பட வேண்டாம்.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, பெடல் மெத்தென்று கீழே போனாலோ, அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

துருதான் திருடன்!

மண்டி டிரைவருடன் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். அவர் சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க்கை எடுத்தார். அது உட்காரும் ஹப்பைக் காட்டினார்.

"பாருங்க தம்பி, துரு! இதைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது டிஸ்க்கை மாட்டி இருக்காங்க. உட்கார்ற இடம் கோணல் என்றால் புது டிஸ்க்கும் கோணலாத்தான் சுத்தும். சுத்தச் சுத்த, பேடு ஒரே இடத்தில் உரசித் தேய்ச்சிடும்" என்றார்.

பத்து நாளில் சோறு பொங்கும் அடுப்பு ஆடினால், பானையை மாற்றுவோமா? கல்லைச் சரி செய்வோமா?

அவர் கம்பிப் பிரஷ்ஷால் ஹப்பைத் தேய்த்தார். டிஸ்க்கின் கனத்தை எட்டு இடங்களில் அளந்தார். அளவுகளைச் சாக்பீஸால் தரையில் எழுதினார். புது டிஸ்க் ஆகையால், கனம் இன்னும் போதுமான அளவு இருந்தது. லேத்தில் லேசாகக் கடைந்தார்கள். காலிப்பரின் நகரும் ஊசிகள் இறுகிக் கிடந்தன. துடைத்து, அதற்குரிய கிரீஸ் போட்டார். புதிய பேடு மாட்டினார். டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்த்தார். முள் ஏறக்குறைய அசையவில்லை!

கடைசியில் வீல் நட்டுகள். வரிசையாக முறுக்காமல், எதிர் எதிராக, அளவு காட்டும் ஸ்பேனரால் முறுக்கினார். ஒரு நட்டு அதிகமாகவும் ஒரு நட்டு குறைவாகவும் இறுகினால், டிஸ்க் கோணிக்கொள்ளும்.

எல்லா டிஸ்க்கையும் கடையலாமா? கூடாது. தேயக்கூடிய குறைந்த அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனால் மாற்றத்தான் வேண்டும். மாற்றினால் இடம், வலம் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

டிரைவர்களுக்கு...

புதிய பேடு போட்டதும் மலைக்கு ஓடாதீர்கள். சமதரையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து 10 வரை மிதமாகக் குறையுங்கள். சற்று ஆற விடுங்கள். இப்படிப் பலமுறை செய்தால் பேடும் டிஸ்க்கும் பழகிக்கொள்ளும்.

மலை இறங்கும்போது தாழ்ந்த கியரில் வாருங்கள். நியூட்ரலில் இறங்கினால் டீசல் மிச்சம் என்பது தவறு. இக்காலத்து டீசல் வண்டிகள், கியரில் இறங்கும்போது டீசலைத் தாமாகவே நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில்தான் செலவாகிறது! எஞ்சினை அணைத்து இறங்குவது அதைவிட ஆபத்து. பிரேக்குக்கு எஞ்சின் தரும் துணை போய்விடும்.

சூடான பிரேக்கோடு நின்றால், பெடலை அழுத்தியபடியே இருக்காதீர்கள். பேடின் திட்டு டிஸ்க்கில் பதிந்துவிடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் சூட்டில் கொதிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

முதலாளிகளுக்கு...

உங்கள் கஷ்டம் தெரியாமல் இல்லை. வண்டிக் கடன் தவணை, டீசல், சுங்கக் கட்டணம், இன்ஷூரன்ஸ். ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போகும். உண்மைதான்.

ஆனால் கணக்குப் போடுங்கள். அளக்காமல் மாற்றிய டிஸ்க்குகளுக்குக் கொடுத்த பணம் வீண். அளந்து செய்த வேலை, அதில் ஒரு பகுதி செலவில் முடிந்தது. ஆயிற்று நேரம், அரை நாள்!

"அளவு என்ன?" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அளவு சொல்லாதவரிடம் டிஸ்க் வாங்காதீர்கள். "வண்டி ஆடுது, மலைக்கு எடுக்க மாட்டேன்" என்று டிரைவர் சொன்னால், அவரைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். உங்கள் வண்டியையும் காப்பாற்றுகிறவர் அவர்தான்.

தாய்மார்களே! வண்டி ஓட்டும் கணவரோ மகனோ வீடு திரும்பியதும், "சாப்பிட்டாயா?" என்று கேட்பீர்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: "பிரேக் எப்படி இருக்கிறது?"

அன்று சாயங்காலம் அந்த டிரைவர் வெறும் வண்டியை ஒரு சுற்று ஓட்டி வந்தார். பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. ஸ்டீயரிங் அசையவில்லை.

ஸ்டீயரிங்கில் இருந்து கையை எடுத்து, என்னிடம் நீட்டிக் காட்டினார். நடுக்கம் இல்லை!