ஹில் எண்டில் மிஞ்சிய ஓட்டல்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பாரம்பரியத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

பாதர்ஸ்ட் நகருக்கு வடக்கே மலைகளுக்கு நடுவே இருக்கும் ஹில் எண்டில், தங்கம் கொழித்த நாட்களில் 28 மதுக்கூடங்கள் இருந்ததாகக் கணக்கு. இன்று எஞ்சியிருப்பது 1872-இல் எழுந்த ராயல் ஓட்டல் ஒன்றுதான்.

ஆஸ்திரேலிய நாட்டுப்புறத்தில் ஓட்டல் வெறும் சாப்பாட்டுக் கடை அல்ல. மது விற்க உரிமம் வேண்டுமென்றால் வழிப்போக்கர் படுக்க அறையும் குதிரைக்குக் கொட்டிலும் வைத்திருக்க வேண்டும் என்பது குடியேற்றக் காலச் சட்டம். சுரங்கப் பங்கு பேரம் பேசுவதும், சந்தேகச் சாவுக்கு விசாரணை கூடுவதும் அன்று பெரும்பாலும் அங்கேதான்.

ராயல் ஓட்டல் கட்டப்பட்ட அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று, ஊருக்கு அருகிலுள்ள ஹாக்கின்ஸ் மலையின் 'ஸ்டார் ஆஃப் ஹோப்' சுரங்கத்தில் சுமார் 286 கிலோ எடையில், தங்கம் படர்ந்த ஒரே பாறைத்துண்டு கிடைத்தது. சுரங்கத்தின் பங்குதாரர் பெர்ன்ஹார்ட் ஹோல்டர்மன், சிட்னி ஓட்டல் ஒன்றில் பரிமாறுபவராக வேலை பார்த்தவர். பாறையை உடைக்காமல் தானே வாங்கிக்கொள்ள முயன்றார், முடியவில்லை. அது நொறுக்கி உருக்கப்பட்டது.

ஆனால் அவர் செலவில் புகைப்படக் கலைஞர்கள் பியூஃபாய் மெர்லினும் சார்லஸ் பேலிஸும் எடுத்த ஊரின் படங்கள் தப்பின. 1951-இல் சிட்னியில் ஒரு தோட்டக் கொட்டகையில் அந்தப் படங்களின் ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகடுகள் கிடைத்தன. கடை வாசலில் நிற்பவரின் சட்டைப் பொத்தானும், தலைக்கு மேலே பெயர்ப்பலகை எழுத்தும் அவற்றில் துல்லியமாகத் தெரிகின்றன. மறைந்த ஓட்டல்களைப் படத்தில் பார்க்கலாம். உள்ளே நுழைய முடிவது ராயலில் மட்டுமே.

சில ஆண்டுகளிலேயே தங்கம் தீர்ந்து, ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த ஊர் வெறிச்சோடியது. 1947-இல் ஓவியர்கள் ரஸ்ஸல் டிரைஸ்டேலும் டொனால்டு ஃபிரெண்டும் வந்த பிறகே வெளியுலகம் மீண்டும் திரும்பிப் பார்த்தது. 1967-இல் ஹில் எண்ட் வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

அந்த அறிவிப்பு கட்டடங்களை இடிபடாமல் காத்தது. புழக்கத்தைக் காக்க அது மட்டும் போதாது. ஆள் புழங்கும் கட்டடத்தில் கூரை ஒழுகினால் அன்றே தெரியும். பூட்டிக் கிடந்தால் உத்தரம் மட்கிய பிறகுதான் தெரியும். ஆகவே அமைச்சர் முன் வைக்கப்படும் கோரிக்கை இது: ராயல் ஓட்டலுக்கான பராமரிப்புத் திட்டம் சுவரோடும் கூரையோடும் நின்றுவிடாமல், அங்கே மதுக்கூடமும் தங்கும் அறைகளும் தொடர்ந்து நடக்கவும் வழிசெய்ய வேண்டும்.