செயற்கை வட்டும் மாவட்டத்து நோயாளியும்

மக்கள் ஜவ்வு என்று சொல்லும் இடைவட்டு கழுத்தில் பிதுங்கி நரம்பை அழுத்தி, மருந்துக்கும் இயன்முறைக்கும் அடங்காதபோது, அதனை அகற்றிவிட்டு மேலும் கீழுமுள்ள முள்ளெலும்புகளை ஒன்றாகப் பிணைக்கும் இணைப்பு அறுவையே நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. பிணைத்த இடத்தில் அசைவு நின்றுவிடுவதால் அந்தச் சுமை அண்டை வட்டுகளின்மேல் விழுகிறது என்ற கவலையே அசைவைக் காக்கும் செயற்கை வட்டுக்கு வழிவகுத்தது. 1980களின் தொடக்கத்தில் கிழக்கு பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில், இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன் கரு நழுவும் வகையில் மருத்துவர்கள் ஷெல்னாக்கும் பியூட்னர்-யான்ஸும் உருவாக்கிய இடுப்பு வட்டு, 2004இல்தான் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. கழுத்து வட்டுக்கு 2007இலும், அடுத்தடுத்த இரு கழுத்து வட்டுகளை ஒருசேர மாற்ற 2013இலும் ஒப்புதல் கிடைத்தது. இடுப்பு வட்டைச் சுற்றி எழுந்த ஆரவாரம் தணிந்துவிட்டது. கழுத்திலோ, தகுதியறிந்து தேர்ந்த நோயாளிகளிடம் இணைப்பு அறுவைக்குக் குறையாத பலன் நீண்டகால ஆய்வுகளில் உறுதிப்பட்டுள்ளது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கழுத்தின் அசைவைக் காப்பதன் பொருளை ஆரணிக் குழித்தறியில் காணலாம். காலைக் குழிக்குள் இறக்கி, கழுத்தைக் கவிழ்த்து, நாள் முழுதும் பாவைப் பார்த்தபடி அமரும் நெசவாளருக்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மரத்துவிட்டால் அறுந்த பட்டிழையை எடுத்து முடிய இயலாது. கழுத்தின் அசைவும் விரலின் உணர்வும் அவருக்குப் பிழைப்பேயாகும். ஆயினும் முகப்பு மூட்டுகள், அதாவது முள்ளெலும்புகளின் பின்புறச் சிறு மூட்டுகள், தேய்ந்தவருக்கும், எலும்பு மெலிந்தவருக்கும், முள்ளெலும்பு நழுவியவருக்கும் செயற்கை வட்டு பொருந்தாது. எனவே எம்ஆர்ஐ, கழுத்தைக் குனித்தும் நிமிர்த்தியும் எடுக்கும் எக்ஸ்ரே, எலும்பு அடர்த்திச் சோதனை ஆகிய மூன்றும் முடிவெடுக்கும் முன் நடந்தாக வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பளிக்கிறது என்றாலும், இந்தச் சோதனைகளுக்காக வேலூருக்கும் சென்னைக்கும் மீண்டும் மீண்டும் அலைவதில் தறி நின்று போகும் நாள்களுக்கு ஈடு கிடையாது. அதனால்தான் விலையுயர்ந்த வட்டைப் பற்றிய பேச்சுக்கு முன்பாக, மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தகுதியறிதலை முடித்து, படங்களைத் தொலைமருத்துவம் வழியாக உயர் மையத்துக்கு அனுப்பி, அறுவைக்கு மட்டும் நோயாளியைப் பயணப்படுத்துவதே முறையாகும்.

கழுத்து வட்டுப் பிதுக்கத்தில் பெரும்பாலானவை சில வாரங்களில் அறுவையின்றியே தணிகின்றன என்பதை நோயாளிக்குச் சொல்வதும், கை தடுமாறுவோரையும், நடை தளர்வோரையும், சிறுநீர்க் கட்டுப்பாடு இழப்போரையும் தாமதமின்றி மேல்மையத்துக்கு அனுப்புவதும் முதல்நிலை மருத்துவரின் கடமை. அறுவை செய்யும் மையங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பொருத்திய வட்டின் பெயர், அளவு, நிலை, அடுத்த எக்ஸ்ரே எடுக்க வேண்டிய காலம் ஆகியவற்றை எழுதிய கடிதமொன்றை ஒவ்வொரு நோயாளியுடனும் சொந்த ஊர் மருத்துவருக்குத் தவறாமல் அனுப்புங்கள்.