முதலில் கேபிளைப் பாருங்கள்

ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது வேகம் விநாடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்ட மறுக்கிறதா? பாதி நோய் அந்த எண்ணிலேயே தெரிந்துவிட்டது. 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5. ஒவ்வொரு பொட்டலத்தோடும் போகிற முகவரி, சரிபார்ப்பு போன்ற சுமைகளைக் கழித்தால் கையில் நிற்பது 11 சொச்சம். ஆயிரத்தில் ஓட வேண்டிய நெட்வொர்க் கார்டு நூறில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதற்குப் போய் டிரைவரை அழித்து மறுபடி போடுகிறார்கள், விண்டோஸையே புதிதாக ஏற்றுகிறார்கள், புதுக் கார்டு வாங்குகிறார்கள். நான் பார்த்தவரையில் பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான்.

ஏன் சரியாக நூறில் போய் நிற்க வேண்டும்? லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு அதில் இரண்டு ஜோடி போதும். வழக்கமான நிற வரிசையில் அவை ஆரஞ்சும் பச்சையும். 1999-ல் தரப்படுத்தப்பட்ட கிகாபிட் ஈதர்நெட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும் தகவல் போய் வருகிறது. இணைப்பு தொடங்கும்போது இரு முனையும் தத்தம் வேகத்தைச் சொல்லி ஆயிரத்துக்கு ஒப்புக்கொள்ளும். இந்தப் பேச்சுவார்த்தை ஆரஞ்சிலும் பச்சையிலுமே முடிந்துவிடுவதால், நீலத்திலோ பழுப்பிலோ கம்பி அறுந்திருப்பது அப்போது தெரியாது. பிறகு ஆயிரத்தில் இணையப் பார்த்து, முடியாமல், சில முறை முயன்றுவிட்டுத் தானாகவே நூறுக்கு இறங்கிவிடும். டவுன்ஷிஃப்ட் என்பது இதைத்தான். இறங்கத் தெரியாத சாதனமாக இருந்தால் இணைப்பு வருவதும் போவதுமாகவே இருக்கும். நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். ஆனால் இணையம் வருகிறது, பிரிண்டர் ஓடுகிறது, போர்ட்டில் விளக்கு மினுங்குகிறது என்பதால் பழுது மாதக்கணக்கில் கண்ணில் படாமலே இருந்துவிடும்.

தெரிந்த ஒருவரின் ஸ்டுடியோவில் இதன் இன்னொரு வகையைப் பார்த்தேன். கல்யாண வீடியோ எடிட் செய்கிற இடம். கேமராவிலிருந்து வருகிற கோப்புகள் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நூற்றுக்கணக்கான கிகாபைட். அவற்றை நாஸ் பெட்டிக்கு ஏற்றவே ராத்திரி முழுக்க ஆகிறது என்றார். "கார்டையே மாத்திட்டேன் சார், அப்பவும் அதே வேகந்தான்." கேபிள் இழுத்த தம்பியும் வந்திருந்தார். கையில் டெஸ்டர். "பாருங்கண்ணே, எட்டு லைட்டும் வரிசையா எரியுது. கேபிள்ல ஒண்ணுமே இல்ல."

லைட் எரிந்தது உண்மை. ஜாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது காரணமும் தெரிந்தது. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று ஜோடி ஜோடியாக அழகாக அடுக்கியிருந்தார். இரண்டு முனையிலும் அதே வரிசை என்பதால் டெஸ்டருக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஈதர்நெட் மூன்றாவது பின்னையும் ஆறாவது பின்னையும் ஒரு ஜோடியாகவும், நான்கையும் ஐந்தையும் இன்னொரு ஜோடியாகவும் எடுத்துக்கொள்கிறது. இவருடைய வரிசையில் மூன்றில் இருப்பது பச்சை ஜோடியின் கம்பி, ஆறில் இருப்பது நீல ஜோடியின் கம்பி. சேர்ந்து போக வேண்டிய இரண்டும் வேறு வேறு முறுக்கில் போகின்றன. முறுக்கு எதற்கு இருக்கிறது? பக்கத்து ஜோடியின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக ஏறி, மறுமுனையில் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதற்கு. ஜோடி பிரிந்தால் அந்தக் காப்பும் போயிற்று. தூரம் குறைவு என்பதால் நூறு மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்திருக்கிறது. சாதாரண டெஸ்டர் மின்சாரம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்பதை மட்டுமே பார்க்கும். எந்தக் கம்பி எதோடு முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இரண்டு ஜாக்கையும் வெட்டிவிட்டு, மூன்றில் வெள்ளைப் பச்சை, நான்கில் நீலம், ஐந்தில் வெள்ளை நீலம், ஆறில் பச்சை என்று மாற்றிக் கிரிம்ப் செய்தார் தம்பி. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அடுத்த நகலில் வேகம் விநாடிக்கு நூறு மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. நிறம் ஏன் அந்த வரிசையில் வர வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

கோபம் வருவது வேறொரு விஷயத்தில். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு கொடுத்து, கேட்-6 என்று அச்சடித்து விற்கிறார்கள். கேட்-6 தரம் கேட்பது முழுச் செம்பு. அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், வளைத்தால் சீக்கிரம் முறிகிறது. அதே கேபிளில் கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பினால் சூடும் ஏறும். பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு இல்லை. சுவருக்குள் புதைத்துவிட்டுப் பிறகு கண்டுபிடித்தால் எவ்வளவு செலவு என்று கடைக்காரர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

சரி, சோதிப்பது எப்படி? விண்டோஸ் 11 அமைப்புகளில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்தால் லிங்க் ஸ்பீட் என்ற வரி இருக்கும். 1000/1000-ஆ, 100/100-ஆ என்று முதலில் அதைப் பாருங்கள். நூறு என்றால் நன்றாக ஓடுகிற இன்னொரு கேபிளைப் போடுங்கள், பிறகு சுவிட்சில் வேறு போர்ட், அதன் பிறகு வேறு கணினி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்; மூன்றையும் சேர்த்து மாற்றினால் சரியாகிவிடும், எதனால் சரியானது என்று மட்டும் தெரியாது. சில ஃபைபர் மோடங்களில் ஒரு போர்ட்தான் கிகாபிட், மற்றவை நூறு, அதையும் பாருங்கள். டிரைவரில் வேகத்தைக் கட்டாயமாக 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று வைத்திருந்தால் ஆட்டோவுக்கு மாற்றுங்கள். ஒரு முனை கட்டாயம், மறுமுனை ஆட்டோ என்றால் மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போய்விடும், அப்புறம் பொட்டலங்கள் மோதிக்கொண்டே இருக்கும். லிங்க் ஆயிரம் காட்டியும் நகல் மெதுவாக இருந்தால் ஐபெர்ஃப்3 ஓட்டிப் பாருங்கள். அது டிஸ்கைத் தொடாமல் வலையை மட்டும் அளக்கும். அதில் 940 மெகாபிட் வாக்கில் வந்தால் வலையில் குறையில்லை, டிஸ்கைக் கவனியுங்கள்.

கேபிள்மேல் பழி போடக் கூடாத சமயமும் உண்டு. பழைய கேட்-5இ கேபிளிலேயே 100 மீட்டர் வரை 2.5 கிகாபிட் ஓடலாம் என்று 2016-ல் தரம் வந்தது. அதை நம்பி 2020-ல் புதுத் தாய்ப்பலகை வாங்கியவர்கள் பலர், அதிலிருந்த இன்டெல் ஐ225 சிப்பால் அவதிப்பட்டார்கள். பொட்டலத்துக்கும் பொட்டலத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியை முதலில் வந்த சிப்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை. சில சுவிட்சுகளோடு சேர்த்தால் பொட்டலங்கள் தொலைந்தன, வேகம் சரிந்தது. இன்டெல் சொன்ன தற்காலிக வழி, வேகத்தை 1 கிகாபிட்டுக்குக் குறைத்துக்கொள்வது. முழுத் தீர்வு திருத்திய சிப்பில்தான் வந்தது. 2.5 என்று காசு கொடுத்து வாங்கியவரிடம் ஒன்றோடு நிறுத்திக்கொள் என்பது என்ன நியாயம்? இணைப்பு திடீர் திடீரென்று அறுந்து உடனே வந்தால், டிரைவரில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட் என்ற மின்சிக்கன வசதியை அணைத்துப் பார்ப்பதும் பலன் தரும். 10 கிகாபிட் கார்டு போடுகிறவர்கள் கார்டு உட்காருகிற ஸ்லாட்டையும் பாருங்கள். நீளமாக இருந்தாலும் உள்ளே ஒரே ஒரு பிசிஐஇ 2.0 பாதைதான் என்றால் 4 கிகாபிட்டைத் தாண்ட வழியில்லை.

இத்தனை அலைச்சலில் பாதி தேவையே இல்லை. வேகம் இறங்கியது கணினிக்குத் தெரியும். 2020-ல் லினக்ஸ் கெர்னலில் இதற்கென்று ஒரு மாற்றம் வந்தது: ஒப்புக்கொண்ட வேகம் 1 கிகாபிட், ஓடுகிற வேகம் 100 மெகாபிட், கேபிளைச் சரிபாருங்கள் என்று லாகில் ஒரு வரி எழுதிவைக்கும். ஆனால் லாகைத் திறந்து படிக்கிறவர் எத்தனை பேர்? வேகமான யுஎஸ்பி சாதனத்தைப் பழைய போர்ட்டில் சொருகினால், இது இன்னும் வேகமாக ஓடும் என்று விண்டோஸ் எக்ஸ்பி அந்தக் காலத்திலேயே திரை மூலையில் சொன்னது. அதே அறிவிப்பு லேன் கேபிளுக்கும் வர வேண்டும். விண்டோஸ் செய்யாவிட்டால் கார்டு தயாரிப்பாளர்கள் தங்கள் டிரைவரிலாவது அதைச் சேர்க்கட்டும்.